தையல் போட்டாங்களா?

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிற பெண்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஆணா பெண்ணா, எத்தனை கிலோ, யார் ஜாடை, பால் குடிக்கிறதா... இதெல்லாம் எல்லோர் எதிரிலும் கேட்பது. ஆண்கள் எழுந்து திண்ணைக்குப் போன பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது ஒன்று: "தையல் போட்டாங்களா?"

எங்கள் வில்லியனூர் பக்கத்தில் இதற்குப் பழகிப்போன பதில் "ஆமாம்" என்பதுதான். தலைப்பிரசவம் என்றால் அந்தக் கேள்விகூடக் கிடையாது. "எத்தனை தையல்?" என்று நேராகக் கணக்குக்கே வந்துவிடுவார்கள்.

எதற்காக வெட்டுகிறார்கள், வெட்டாமல் முடியாதா, யார் அதை முடிவு செய்கிறார்கள்? முப்பது வருஷமாக நானும் யாரையும் கேட்டதில்லை. போன மாதம் என் மகளுக்குப் பிரசவம் ஆயிற்று. அவளை முன்னிட்டுத்தான் கேட்கத் துணிந்தேன். கூச்சமான விஷயம்தான், ஆனால் சகோதரிகளே, நம் உடம்பைப் பற்றிப் பேச நாமே கூச்சப்பட்டால் எப்படி?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது பாகூர், வாழ்க்கைப்பட்டது வில்லியனூர். 1994-ல் மூத்தவன் பிறந்தான். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ராத்திரியெல்லாம் வலி. விடியற்காலையில் மேஜை மேல் ஏற்றினார்கள். "முக்கு, நல்லா முக்கு" என்று ஒரே அதட்டல். திடீரென்று கீழே சுரீர் என்று ஓர் எரிச்சல். கூடவே கெட்டித் துணியைக் கத்தரிக்கிற மாதிரி ஒரு சத்தம். மரத்துப் போக ஊசி போட்டார்களோ என்னவோ, எனக்கு நினைவில்லை. அந்தச் சத்தம் மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. குழந்தை அழுதான், நானும் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக் கொண்டார்கள்.

வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்பதே மறுநாள் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போன ஆயாம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "தையல் இருக்கும்மா, பாத்து உட்காரு" என்றாள். ஆறாம் நாள் தையல் விட்டுப் போயிற்று. ஒன்றரை மாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன், படுத்தபடியே பால் கொடுத்தேன். மலம் கழிக்கப் போவதென்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். யாரிடம் சொல்வது? "எல்லாரும்தான் பெத்துக்கறாங்க" என்பார்கள்.

1997-ல் மகள் பிறந்தபோது வலி எடுத்ததும் தெரியவில்லை, பிறந்ததும் தெரியவில்லை. டவுனுக்குப் போக வண்டி பார்ப்பதற்குள் ஆகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஓடிவந்து பார்த்தார். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. லேசாக ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். முதல் பிள்ளை வழி போட்டுவிட்டுப் போகிறது. இரண்டாவதை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் அந்த மூன்று வருஷத்துக்குள் இரண்டு விதத்தையும் பார்த்துவிட்டேனே, மனசு ஒப்பிடாமல் இருக்குமா!

அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். பாகூரில் என் பெரியம்மா மருத்துவச்சி வேலை பார்த்தவள். ஏரிக்கரைத் தெருக்களில் அவள் கையில் பிறந்தவர்கள் இன்றைக்குத் தாத்தாவாகி இருக்கிறார்கள். வெந்நீரில் பழந்துணியை நனைத்துப் பிழிந்து கீழே ஒற்றடம் கொடுப்பாளாம். தலை தெரியும்போது "முக்காதே, ஊது, நெருப்பு ஊதற மாதிரி ஊது" என்பாளாம். உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு தலையை மெல்ல மெல்ல வெளியே விடுவாளாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "அப்ப யாருக்கும் கிழியலையா பெரியம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இன்னா கண்ணு பண்றது, கிழிஞ்சா கிழிஞ்சதுதான். அப்ப யாரு தெச்சா?" என்றாள். தைக்காமல் விட்ட கிழிசலோடும், அடி இறங்கிப்போய் யாரிடமும் சொல்லாமலும் வாழ்ந்து முடித்த இரண்டு பேரைப் பற்றி அப்புறம் சொன்னாள். பழங்காலம் என்றதும் எல்லாம் சுகம் என்று நான் எழுதமாட்டேன்.

இப்போது மகள் கதைக்கு வருகிறேன். கடலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த இரண்டாம் நாளே, கையில் போனை வைத்துக்கொண்டு, "அம்மா, யாரும் என்னைக் கத்திரியால தொடக்கூடாது. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடப் போறேன்" என்றாள். உலகத்தில் யார் யாரோ எழுதியதையெல்லாம் படித்திருக்கிறாள். மேலுக்கு "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று அதட்டினேன். உள்ளுக்குள் அந்தக் கத்தரிக்கிற சத்தம் கேட்டது. எழுதிக் கொடுத்தால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது.

அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். எங்கள் கொம்யூன் கிராமங்களில் மாதா மாதம் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில். பிரசவத்துக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மருத்துவமனை, ஜிப்மர், இல்லையென்றால் ஏதாவது தனியார் ஆஸ்பத்திரி என்று அவரவர் வசதிப்படி போவார்கள். நாங்கள் பார்த்த டாக்டரம்மா வயதில் சின்னவர், பொறுமைசாலி. மகள் சொன்னதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏன் வேண்டாம்னு சொல்றே?" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தேன், முப்பது வருஷக் கதை கொட்டிவிட்டது.

முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார் டாக்டரம்மா. குழந்தை வரும் வழிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருப்பது தோலும் தசையும் சேர்ந்த ஒரு சின்னப் பாலம். தலை வரும்போது அது ரப்பர் மாதிரி விரிந்து கொடுக்கிறது. அந்த இடத்தில் கத்திரியால் ஓரமாக, சாய்வாக வெட்டி வழியைப் பெரிதாக்குவதற்குப் பெயர் எபிஸியாடமி. நேர்க் கீழாக வெட்டினால் ஆசனவாய் வரைக்கும் கிழிந்துகொண்டு போகக்கூடும் என்பதால் நன்றாகச் சாய்த்து, 60 டிகிரி வாக்கில் வெட்ட வேண்டுமாம். தலை நன்றாக வந்து, திரும்ப உள்ளே போகாமல் நிற்கிற நேரத்தில்தான் வெட்ட வேண்டும். முன்னாடியே வெட்டினால் ரத்தம்தான் வீணாகப் போகும்.

"வெட்டலேன்னா தாறுமாறா கிழிஞ்சுடும்னு சொல்றாங்களே, டாக்டரம்மா?" என்றேன்.

"அப்படித்தான் எங்களுக்கும் ஒரு காலத்துல சொல்லிக் கொடுத்தாங்க. கிழிசல்ல நாலு படி இருக்கும்மா. முதல் படி தோல் மட்டும். ரெண்டாவது, தசையும் சேர்ந்து. மூணாவது நாலாவதுதான் பயப்பட வேண்டியது. மலத்தை அடக்கற தசை வரைக்கும் போயிடும். நாங்க வெட்டறதே ரெண்டாவது படிக் காயம்தான். வெட்டாம விட்டா நிறையப் பேருக்கு முதல் படியோட நின்னுடும், சில பேருக்கு ஒண்ணுமே ஆகாது. அதுக்குப் பயந்து எல்லாருக்கும் ரெண்டாவது படியை நாங்களே பண்ணி வைக்கறது எந்த ஊரு நியாயம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை எளிய கணக்கு இத்தனை நாள் நம் காதில் விழவில்லையே!

வீட்டுக்கு வந்து மகளும் நானும் தேடித் தேடிப் படித்ததில் இந்த வெட்டின் பூர்வீகம் தெரிந்தது. 1742-லேயே அயர்லாந்தில் டப்ளின் நகரத்து ஃபீல்டிங் ஓல்ட் என்கிற வைத்தியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குழந்தை வரவே முடியாமல் சிக்கிக்கொண்டால் மட்டும் செய்யச் சொல்லி. அதை எல்லோருக்குமான வழக்கம் ஆக்கியதில் பெரிய பங்கு சிகாகோ டாக்டர் ஜோசப் டிலீக்கு உண்டு. 1920-ல், முதல் பிரசவம் என்றால் வெட்டி, ஆயுதம் போட்டு எடுப்பதே தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு என்று அவர் வாதித்தார். பிரசவங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகப் போக, வெட்டும் கூடவே போயிற்று. பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பார்கள்? யாரும் சோதித்துப் பார்க்காமலே அறுபது வருஷம் ஓடிவிட்டது.

1984-ல்தான் இங்கிலாந்தில் ரெடிங் ஊர் ஆஸ்பத்திரியில் 1000 தாய்மார்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவில் கூடியவரை வெட்டாமல் விட்டார்கள். 100-க்கு 10 பேருக்குத்தான் வெட்டு. மற்றதில் கிழியும் என்று தோன்றினாலே வெட்டினார்கள். பாதிப் பேருக்கு வெட்டு. வலியிலோ குழந்தையின் நிலையிலோ வெட்டியதால் ஒரு லாபமும் தெரியவில்லை. 1993-ல் அர்ஜென்டினாவில் எட்டு ஆஸ்பத்திரிகளில் 2606 பேரிடம் இதையே செய்தார்கள். ஒரு பிரிவில் 100-க்கு 83 பேருக்கு வெட்டு, மற்றதில் 30 பேருக்கு. ஆசனவாய் வரை போகிற கடுமையான கிழிசல் இரண்டிலும் 100-க்கு இரண்டுக்கும் குறைவுதான். குறைவாக வெட்டிய பிரிவில் அது கூடிவிடவில்லை. கடைசியாக 2018-ல் உலக சுகாதார நிறுவனம், தானாக நடக்கும் சுகப்பிரசவத்தில் வழக்கத்துக்காக வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகவே எழுதியது. அப்படியே வெட்ட வேண்டி வந்தாலும் மரத்துப்போக மருந்து கொடுக்க வேண்டும், அந்தப் பெண்ணிடம் விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த வரியை மகள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

ஆனால் டாக்டரம்மா சொன்னதில் மறுபாதியும் உண்டு. அதை விட்டுவிட்டால் நான் பாதிப் பொய் எழுதியவளாவேன்.

"வேண்டவே வேண்டாம்னு எழுதிக் கொடுக்காதே" என்றார் மகளிடம். "கடைசி நேரத்துல குழந்தையோட இதயத் துடிப்பு இறங்கிப் போய் ஏறாம நின்னா, அந்த அஞ்சு நிமிஷம் பெரிசு. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வந்தாலும் பெரும்பாலும் வெட்டணும். தோள் மாட்டிக்கிட்டா, எங்க கை உள்ள போக இடம் வேணும். சில பேருக்கு அந்தத் தசை வெளுத்து, மினுமினுன்னு ஆகி, கீழ்ப்பக்கமா விட்டுப் போகப் போறது கண்ணுக்கே தெரியும். அப்ப சும்மா நிக்க முடியாது. தலைப்பிரசவம்னு ஒரே காரணத்துக்காக வெட்டறதில்லை. காரணம் இருந்தா சொல்லிட்டு வெட்டறது. இது போதுமா?"

நம் நாட்டுப் பெண்களுக்கு அந்தப் பாலம் குட்டை, அதனால் வெட்டித்தான் ஆகவேண்டும் என்று சில டாக்டர்கள் சொல்வதையும் கேட்டேன். "அதுக்கு ஜாக்கிரதையா பார்க்கணும்னு அர்த்தம், எல்லாருக்கும் வெட்டணும்னு அர்த்தமில்லை" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "பொறுமையா பார்க்க ஆளும் நேரமும் வேணும்மா. ஒரு நர்ஸ் ஒரே நேரத்துல நாலு பேரைப் பார்க்கற இடத்துல கத்திரி சீக்கிரமா வேலையை முடிச்சுடும்" என்றார். எனக்கு 1994-ல் அதட்டிய அந்த நர்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. பாவம், அன்றைக்கு அவளுக்கு எத்தனை பேரோ!

எட்டரை மாதம் தாண்டியதும் வீட்டிலேயே செய்துகொள்ள ஒன்று சொல்லிக் கொடுத்தார். நகம் வெட்டி, கையைச் சுத்தமாகக் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்டு, கட்டை விரலால் அந்த இடத்தின் உட்பக்கத்தைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மெல்ல இழுத்து விட வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, சில நிமிஷம் போதும். முதல் பிரசவக்காரர்களுக்கு இதனால் வெட்டும் தையலும் குறைகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். வெள்ளைப்படுதல், புண் இருந்தாலோ, பனிக்குடம் உடைந்துவிட்டாலோ செய்யக்கூடாது. நீங்களாக ஆரம்பிக்காமல் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மகள் முகம் சிவந்து போயிற்று, ஆனால் செய்தாள்.

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோகிலாம்பாளுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு வண்டி ஏறினோம். பிரசவ அறையில் கர்ப்பிணியைக் கண்ணியமாக நடத்த வேண்டும், துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்க வேண்டும் என்று 2017-ல் வந்த 'லக்ஷ்யா' திட்டத்திலேயே இருக்கிறது. என்னை உள்ளே விட்டார்கள். நுழையும்போதே நர்ஸம்மாவிடம் மகள், "காரணம் இருந்தா மட்டும் வெட்டுங்க சிஸ்டர், சொல்லிட்டு வெட்டுங்க" என்றாள். "சரிம்மா, எழுதிக்கறேன்" என்று கேஸ் ஷீட்டில் குறித்துக் கொண்டார்.

ராத்திரி இரண்டரை மணிக்கு முக்க ஆரம்பித்தாள். நர்ஸம்மா வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்து ஒற்றடம் வைத்தாரே பார்க்க வேண்டும், எனக்குப் பெரியம்மா எழுந்து வந்துவிட்டாளோ என்றிருந்தது! வெதுவெதுப்பான ஒற்றடம் பெரிய கிழிசலைக் குறைக்கிறது என்று இப்போது ஆராய்ச்சியே சொல்கிறதாம். ஒருக்களித்துப் படுக்க விட்டார்கள். "இப்ப முக்காதே, ஊது" என்றார்கள். தலைமுடி தெரிந்தது. எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த டக்டக் சத்தம் மெதுவாயிற்று. நிமிஷத்துக்கு 140 என்று இருந்த குழந்தையின் துடிப்பு 80-க்கு வந்தது. வலி விட்ட பிறகு ஏறும் என்று காத்திருந்தார்கள், ஏறவில்லை. 70. அறையில் யாரும் பேசவில்லை. டாக்டரம்மா மகளின் முகத்துக்கு நேரே குனிந்து, "குழந்தைக்குத் துடிப்பு குறையுது. இப்ப சீக்கிரம் எடுக்கணும். ஊசி போட்டுட்டு வெட்டறேன், சரியா?" என்றார். என் மகள், போனில் படித்ததையெல்லாம் எனக்கு ஒப்பித்த என் மகள், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தலையை ஆட்டினாள். "பண்ணுங்க மேடம்" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டதா என்று கேட்காதீர்கள், கேட்டது. அடுத்த வலியில் குழந்தை வந்துவிட்டது. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. உடனே அழவில்லை. முதுகைத் தேய்த்தார்கள். பிறகுதான் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஆஸ்பத்திரியே அதிர அழுகை. பெண் குழந்தை, 2 கிலோ 900.

தைக்கும்போது மகள் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, "எத்தனை தையல் மேடம்?" என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே தசைக்குத் தனியாக, தோலுக்குத் தனியாக, தானே கரையும் நூலில் தைத்தார்கள். பிரிக்கத் தேவையில்லை.

எனக்கு நடந்ததும் இவளுக்கு நடந்ததும் ஒரே வெட்டுதான், ஒரே இடத்தில்தான். எனக்கு ஏன் வெட்டினார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். என் மூத்தவனுக்கும் துடிப்பு குறைந்திருக்குமோ? இருக்கலாம். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முப்பது வருஷம் அந்தக் கத்திரியைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் பெரிய தர்க்கம். பத்தியம் என்று சொல்லித் தண்ணீர் அளந்து கொடுக்க வேண்டும், கீரை கூடாது, பழம் கூடாது என்றார்கள். பூண்டுக் குழம்பும் கருவாடும் போடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் தண்ணீரும் கீரையும் இல்லாவிட்டால் மலம் கட்டும்; முக்க வேண்டி வரும்; தையல் தாங்காது. 1994-ல் எனக்கு விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும். சம்பந்தியம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்களே முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தார்கள்!

முதல் நாள் வீக்கத்துக்குச் சுத்தத் துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றடம். மறுநாளிலிருந்து தினம் இரண்டு மூன்று தடவை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகலமான பேசினில் பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். கழுவும்போது முன்னிருந்து பின்னாக. பிறகு ஒற்றித் துடைத்து ஈரமில்லாமல் வைத்தாள். நாப்கினை நாலு மணிக்கு ஒரு தடவை மாற்றினாள். சில வீடுகளில் தையல் ஆறட்டும் என்று சாம்பல், மஞ்சள்தூள், பச்சிலை என்று வைக்கிறார்கள். தயவுசெய்து எதையும் வைக்காதீர்கள். காய்ச்சல், நாற்றம், சீழ், நாளுக்கு நாள் வலி குறையாமல் ஏறுவது, தையல் விடுவது இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காற்றோ மலமோ தன்னை அறியாமல் பிரிகிறது என்றால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. அதற்கு வைத்தியம் உண்டு. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசைகளை இறுக்கி, கொஞ்சம் நிறுத்தி, தளர்த்தும் பயிற்சியை வலி குறைந்ததும் தினமும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தாம்பத்தியம் பற்றியும் டாக்டரம்மா மாப்பிள்ளையிடமே நேரில் சொல்லிவிட்டார்: புண் ஆறி, அவளுக்கு மனசும் உடம்பும் ஒத்துக்கொள்ளும் வரை பொறுக்க வேண்டும் என்று. எங்கள் காலத்தில் இதை யார் சொன்னார்கள்!

பத்தாம் நாள் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று எதிர்வீட்டுப் பெண் வந்திருந்தாள், அவளுக்கு ஏழாம் மாதம். ஆண்கள் வெளியே போனதும் அதே கேள்வி. மகள் குரலைத் தாழ்த்தவே இல்லை. காகிதத்தை எடுத்து, டாக்டரம்மா போட்ட அதே படத்தைப் போட ஆரம்பித்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமையோடு 42 நாள் ஆகிறது. காலையில் தையலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சாயங்காலம், மஞ்சள் துணியில் முடிந்து வைத்த அந்த ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு.